சாக்குக்காரி வீட்டு இரவுச் சாப்பாடு

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் குடோன் விலாசத்துக்கு வந்து சேர்ந்தது. நலம் விசாரித்திருந்தீர்கள். இருக்கிறோம். கல்யாணத்துக்கும் வராமல், என் மகன் இறந்த செய்திக்கும் வராமல் இருந்தவர் இப்போது எழுதியிருக்கிறீர்களே என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குத்திக்காட்ட எழுதவில்லை. மனதில் ஒன்று, வாயில் ஒன்று எனக்கு வராது. அவ்வளவுதான்.

கடிதம் முழுக்க உங்கள் வீட்டு இரவுச் சாப்பாடுதான். ஒரு நாள் பூண்டு வதக்கிப் போட்ட பருப்பு, ஒரு நாள் மீன் வறுத்தது, மழை பெய்த அன்று மிளகு தூக்கலாக முட்டைப் பொரியல். கடைசி வரியில் மட்டும் ஒரு கேள்வி: நீங்கள் இரண்டு பேரும் ராத்திரிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள்? பழைய சாக்கை வாங்கிக் கிழிசல் தைத்து விற்றுப் பிழைக்கிறவள் நான். சாக்குக்காரியிடமே சாக்கா, சம்பந்தியம்மா? நீங்கள் விசாரிப்பது சாப்பாட்டை இல்லை என்று தெரிகிறது. ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை சோறு, பருப்பு, முட்டைக்கோஸ். செவ்வாய்க்கிழமையும் அதே, மிஞ்சியிருந்தது. புதன்கிழமை உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, கூட ஆளுக்கொரு முட்டை. வியாழக்கிழமை என்ன என்று நினைவில்லை. தட்டுக் கழுவியது நினைவிருக்கிறது, அதனால் சாப்பிட்டிருப்போம். சமைப்பது உங்கள் பெண்தான். ருசியைப் பற்றிச் சொல்லச் சொன்னால், குறை ஒன்றும் தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பகலில் என்னோடு குடோனுக்கு வந்து தையல் மிஷினில் உட்கார்ந்துகொள்கிறாள். “அத்தை, லாரி வந்துடுச்சு.” “அத்தை, தண்ணி குடிங்க.” பேச்சு இவ்வளவுதான். அழுவதில்லை. எனக்கும் வரவில்லை. ஈரச் சாக்கைத் தனியாக, காய்ந்ததைத் தனியாகப் பிரித்துப் போடுவது எங்கள் வழக்கம். எங்களை எந்தப் பக்கம் போடுவது என்றுதான் தெரியவில்லை.

நீங்கள் எழுதியதை அவளிடம் மறைக்கவில்லை. “உங்கம்மா லெட்டர் போட்டிருக்காங்க” என்றேன். நிமிராமலே “சரி, அத்தை” என்றாள். மிஷின் நிற்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சாக்குக்காரி

(“படிச்ச பொண்ணைச் சாக்குக்காரி வீட்டுக்கா அனுப்புவேன்?” என்று நீங்கள் அன்றைக்குச் சொன்ன பெயர்தான். இங்கே எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு வருத்தமில்லை.)



சம்பந்தியம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் பதில் கிடைத்தது. கீரைக்குப் புளி சேர்ப்பதைப் பற்றியே அரைப் பக்கம் போயிருக்கிறது. ‘அவளுக்குச் சின்ன வயதில் கீரை என்றாலே ஆகாது’ என்று எழுதிவிட்டுப் பிறகு அடித்திருக்கிறீர்கள். வெளிச்சத்தில் பிடித்தால் தெரிகிறது. இப்போது கீரையும் சாப்பிடுகிறாள். கவலைப்பட வேண்டாம்.

இங்கே ஒரு காரியம் நடந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எங்களுக்குச் சரக்குக் கொண்டுவரும் லாரிக்காரர் காலையில் வரவேண்டியவர், பொழுது சாயும் நேரத்துக்கு வந்தார். அதுவும் தார்ப்பாய் கட்டாமல், நல்ல மழையில். பாதிச் சாக்கு தொப்பலாக நனைந்துவிட்டது. நான் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். “சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா? தார்ப்பாயைக் கட்டு, கட்டுன்னு எத்தனை வாட்டி சொன்னேன்?” வியாபாரத்தில் எனக்கு இது வாய்ப்பழக்கம். சொரணை கெட்டவன் என்று நேராகத் திட்டினால் சண்டைக்கு வருவார்கள். இப்படிக் கேட்டால் தலையைச் சொறிவார்கள். அவரும் சொறிந்தார்.

மழை விடுவதாக இல்லை. பக்கத்தில் சாப்பாட்டுக்கடையும் அடைத்தாயிற்று. திட்டினேன் என்பதற்காகப் பட்டினியாக அனுப்ப முடியுமா? வீட்டுக்கு அழைத்துவந்து தட்டு வைத்தோம். சோறு, பருப்பு, அவரைக்காய்.

முதல் வாய் எடுத்து வைத்தவர் மெல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “ஏம்மா, என்னைப் போய்க் கேட்டீங்களே, உங்க வீட்ல உப்பே போடறதில்லையா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. அவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து உப்பு ஜாடியை எடுத்துத் திறந்தாள். உள்ளே கோணி ஊசிகள் இருந்தன.

உங்களுக்கு இது தெரியாது. அப்போது நமக்குள் பேச்சுவார்த்தை இல்லை. என் மகனுக்குச் சிறுநீரகம் கெட்டதும் உப்பை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர். அவன் மட்டும் சப்பென்று சாப்பிட, பக்கத்தில் நாங்கள் ருசியாகச் சாப்பிட்டால் நன்றாக இருக்குமா என்று, உங்கள் பெண் மூன்று பேருக்கும் ஒரே சமையலாக்கிவிட்டாள். ஆரம்பத்தில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. “நாக்குதானே அத்தை, சொன்ன பேச்சைக் கேக்கும்” என்றாள். கேட்டது. ஜாடி சும்மா கிடப்பானேன் என்று நான்தான் ஊசியைப் போட்டு வைத்தேன்.

அவன் போய் எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. உப்பைத் திரும்பப் போட வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. சாக்குக்குள் கையை விட்டே எங்கெங்கே ஓட்டை என்று சொல்கிறவள் நான். அன்றாடம் என் வாய்க்குள் போனதை நான் கவனிக்கவில்லை.

லாரிக்காரர் பயந்துவிட்டார். “ஏதோ வாய்தவறிச் சொல்லிட்டேன்மா, நல்லாத்தான் இருக்கு” என்று தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார். அவள் ஜாடியை மூடி எடுத்த இடத்திலேயே வைத்தாள். இப்போதாவது அழுவாள் என்று பார்த்தேன். “இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா அண்ணே?” என்று கேட்டாள்.

மறுநாள் உப்புப் பாக்கெட் ஒன்று வாங்கிவந்து அடுப்புப் பக்கத்தில் வைத்தேன். வைத்த இடத்திலேயே இருக்கிறது. நனைந்த சாக்கைக் காயப்போட வேண்டும். இத்துடன் முடிக்கிறேன்.

இப்படிக்கு,
சாக்குக்காரி



சம்பந்தியம்மா,

இந்தத் தடவை உங்கள் பதிலுக்குக் காத்திருக்காமல் நானே எழுதுகிறேன்.

நேற்று ராத்திரி சோறும் முள்ளங்கியும். உப்பில்லாமல்தான். முன்பு தெரியாமல் சாப்பிட்டோம், இப்போது தெரிந்தே சாப்பிடுகிறோம். ஒரு நாள் நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பாக்கெட் பக்கத்தில் போனேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கத்தரிக்கோலைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிட்டேன். அதைப் பிரித்துவிட்டால், உப்பு ஆகாதவர் இந்த வீட்டில் யாரும் இல்லை என்று ஆகிவிடும். அதை எங்களில் யார் செய்வது?

ஆனால் நேற்றுத் தட்டுக் கழுவும்போது, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, “அங்க என்ன சமைச்சாங்களாம்?” என்று கேட்டாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. உங்கள் இரண்டு கடிதங்களையும் எடுத்துவந்து பூண்டுப் பருப்பு, மீன், முட்டை, கீரை எல்லாவற்றையும் சத்தமாகப் படித்தேன். நீங்கள் அடித்திருந்த வரியையும் படித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அவள் குழாயை மூடினாள். “எங்கம்மா கை அப்படி. புளியும் தூக்கல், உப்பும் தூக்கல். தண்ணி குடிச்சுக்கிட்டே சாப்பிடணும்” என்றாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ‘எங்கம்மா’ என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேரம் பேசத் தெரியாது. நீங்கள் வரவேண்டும். அவளைக் கூட்டிக்கொண்டு போவதற்காக வந்தாலும் சரி, நான் குறுக்கே நிற்கமாட்டேன். மிஷினுக்கு வேறு ஆள் கிடைக்கும். இரண்டு தட்டு ஒரு தட்டானால் கழுவுகிற வேலையும் குறைவுதான்.

சமாதானம் எதையும் யோசித்து எடுத்துவர வேண்டாம். அவளுக்கும் கேட்டுக்கொள்கிற தெம்பு இல்லை, எனக்கும் இல்லை. வந்து ஒரு வேளை சமைத்துப் போடுங்கள், போதும். பாக்கெட் அடுப்புக்கு இடது பக்கம் இருக்கிறது, நீங்களே பிரியுங்கள். எவ்வளவு போடுவது என்று எங்கள் இருவருக்கும் மறந்துவிட்டது.

உங்கள் கை எப்படியோ அப்படியே போடுங்கள். தூக்கலாக இருந்தாலும் பரவாயில்லை. பத்திரமாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்க்கும்
சாக்குக்காரி