ஐந்தாம் நாள் தாள்

இன்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மழை தூறியது. உங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் முகப்பில், புடவைக் கடை இடிந்து விழுந்த வெறும் வளவிலிருந்து நனைந்த கரி மணம் எழுந்தது. இடிபாட்டை அள்ளி மாதங்களாகியும் மண் அதை விடவில்லை. சைக்கிளைத் திருப்பி உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் உம்மாவிடம் மறைத்து வைத்திருந்ததை இன்றாவது சொல்லிவிட வேண்டும் என்று.

தீப்பிடித்து மூன்று மாடியும் சரிந்த பிறகு, கொங்கிறீட் துண்டுகளுக்கு அடியில் புடவைக் கட்டுகள் நாள்கணக்கில் கனன்றன. ஊரே மூக்கைப் பொத்தியிருந்தபோது எனக்கு விஞ்ஞானக் கண்காட்சிதான் பெரிதாகத் தெரிந்தது. வெள்ளைத் தாளில் வஸ்லின் பூசி உன் அறை ஜன்னலில் ஒட்டினேன், நாளுக்கு ஒன்றாக. காற்றில் மிதக்கும் தூசு அதில் படியும் என்று வாசித்திருந்தேன். உனக்கு மூச்சுத் திணறும் முட்டு வருத்தம் என்பதும், வாயில் அடிக்கும் பம்ப் இல்லாமல் நீ வெளியே இறங்குவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

"ஜன்னலெ மூடிராத புள்ள. மூடினா எல்லாம் வீண்."

"ஓங்கா விஞ்ஞானியம்மா. பரிசு எடுத்தா எனக்கு ஐஸ்கிரீம் வேணும், இப்பவே சொல்லிட்டன்."

சிரித்தாய். சிரிப்பு இருமலில் முடிந்தது.

ஐந்தாம் நாள் புகை நின்றது. பெக்கோ இயந்திரம் வந்து இடிபாட்டைக் கிளறத் தொடங்கியது. புகையோடு ஆபத்தும் போய்விட்டதென்று எல்லோரையும் போல நானும் நம்பினேன். அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தபோது நீ உறங்குவதாக நினைத்து, வெளியிலிருந்தே தாளைக் கழற்றிக்கொண்டு போனேன். வீட்டில் பூதக்கண்ணாடியால் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கி உன் வாப்பாவின் பெயரைச் சொல்லி, அவருடைய மகள் வபாத்தானதாக அறிவித்தது.

இன்று வாசலில் நின்றபடியே, நான் மாமி என்று கூப்பிடும் உன் உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் மகள்," என்றார் மாமி. "அவ போன அண்டைக்குக் காலையில எழும்ப ஏலாமக் கிடந்தா. 'ஜன்னலெத் தொறந்து உடுங்க உம்மா, கூட்டாளிட பாடம் கெட்டுரும்' எண்டு என்னட்டத்தான் சொன்னா. நாந்தான் தொறந்து உட்டன்."

 மாமியே பிறகு கேட்டார்.

"அந்தத் தாளுல என்னதான் தெரிஞ்சிச்சி?"

"அஞ்சாம் நாள் தாள்தான் ஆகக் கறுப்பு மாமி."

"புகை நிண்ட நாளா?"

"ஓம். பெக்கோ கெளறின தூசு."

மாமி உள்ளே போய் உன் அறை ஜன்னலைச் சாத்தினார். தெரியாது என்று நான் சொல்லியிருக்கலாம். கண்டதை அப்படியே சொல்லித்தான் எனக்குப் பழக்கம். என் பாரத்தை இறக்கப் போன நான், அவர் அறியாதிருந்த ஒன்றை அவர் தலையில் ஏற்றிவிட்டு வந்தேன். என்னுடையது இம்மியும் குறையவில்லை.