பிரிட்ஜுக்குப் பின்னால் நின்ற தண்ணீர்

மட்டாஞ்சேரி
24.3.2008

அன்பு மகள் சுமாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம் என்று எழுதினால் பொய்யாகும், இங்கே கொசுக்கள்தான் நலம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

கொளுத்த வேண்டிய பங்குனியில் ஒரு வாரமாக மழை. முன்பெல்லாம் மழைக்காலம் முடிந்தால் கொசுவும் போகும், இப்போது அதற்கு வருஷம் முழுக்க வேலை. புகை மிஷின்காரர்கள் நேற்று கடல்காற்று வீசும் நேரம் பார்த்து அடித்தார்கள், புகை வில்லிங்டன் தீவுக்குப் போயிற்று, சாயாக் கடையில் எல்லோரும் இருமினார்கள், கொசு இருமவில்லை. கொசுப்புழு தின்ன என்று வீடுவீடாக மீன்குஞ்சு கொடுத்தது ஒரு கூட்டம், மறுநாள் இன்னொரு கூட்டம் அதே தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கொட்டியது, மீன் மிதந்தது. பீப்பாய்த் தண்ணீரை ஊற்றிவிட வேண்டுமாம். ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் சொட்டுவதையும் ஊற்றிவிட்டு எதைக் குடிப்பது? பழைய வேட்டிகளைக் கிழித்து எல்லாப் பீப்பாய்க்கும் நானே வாய் கட்டினேன். பக்கத்து வீட்டு சேவியர், அண்ணாச்சி பீப்பாய்க்கெல்லாம் கல்யாணம் நடத்துகிறாரா என்று கேட்டான். அவன் வாசலில் கிடக்கும் டயரில் ஒரு குளமே நிற்கிறது, சொன்னால் அது பூச்சட்டியாம்.

உன்னைத் தலைப்பிரசவத்துக்கு அழைக்க வருகிறேன் என்றதற்கு, கொசு ஊருக்கு மருமகளை அனுப்பமாட்டேன் என்றாராம் உன் மாமியார். ராஞ்சிக் கொசு என்ன சைவமா என்று கேட்டுச் சொல்.

ஆனால் சேவியர் மகள் ஷீஜா பிரசவத்துக்கு வந்த இடத்தில் சிக்குன்குனியாவோடு பெற்றாள். தாயிடமிருந்து பிள்ளைக்கும் தொற்றி, வலிப்பு கண்டு ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது. சேவியர் இப்போது கேலி பேசுவதில்லை. அன்றே நம் வீட்டை மூலைமூலையாகத் தேடினேன். நீ வாங்கித் தந்த பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் வடிய ஒரு தட்டு இருக்கிறது, விற்றவனும் சொல்லவில்லை, புகைக்காரனும் சொல்லவில்லை. புழு நெளிந்தது. கழுவிக் கவிழ்த்து பிரிட்ஜை நிறுத்திவிட்டேன், கோபித்தாலும் சரி, இனி அது அலமாரிதான்.

அதனால் நீ வரவேண்டாம். பெண்தான் தாய்வீடு வரவேண்டும், தாய் போகக்கூடாது என்று யார் விதித்தது? அடுத்த வாரம் ராஞ்சிக்குப் போகும் கன்னியாஸ்திரீகளோடு அம்மாவை ரயிலேற்றுகிறேன். போன வருஷக் காய்ச்சலில் மடங்கிய அவள் விரல் இன்னும் நிமிரவில்லை, துணி பிழிய விடாதே. இது என் தீர்மானம், உன் மாமியார் பேச்சுக்குப் பணிந்ததாக அங்கே யாரும் நினைக்க வேண்டாம். இந்தக் கொசு பகலில் கடிப்பது, மத்தியானம் படுத்தாலும் வலை கட்டு.

தாயும் பிள்ளையும் நல்லபடியாகத் தனித்தனியாகி நூறு வருஷம் வாழுங்கள். அம்மாவைத் திருப்பி அனுப்ப அவசரப்படாதே, மழை எப்போது நிற்கும் என்று இப்போது ஒருவனுக்கும் தெரியாது. அதுவரை பீப்பாய்களுக்கு நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
தங்கையா