மேலாளரின் உடம்புச் சூடு

அன்புள்ள குட்டிப்பிசாசுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் உயிரோடும் ஓரளவு ஒற்றுமையோடும் இருக்கிறோம். அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, துவைத்த துணியை உடுத்திக்கொண்டு இருப்பாய் என்று நம்ப ஆசைப்படுகிறேன். அப்பா ஓய்வு பெற்றதிலிருந்து நன்றாக ஓடுகிற சாமானையெல்லாம் பழுது பார்க்கிறார். மிக்ஸி போன வாரம் காலமானது. இப்போது என் தையல் மெஷினைச் சுற்றிச் சுற்றி வருகிறார், நானும் காவல் இருக்கிறேன்.

வேலையெல்லாம் நன்றாகப் போகிறது என்று போனில் சொன்னேனே, அது பொய். என்னைப் பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மாற்றப் பார்த்தார்கள். இருபத்தாறு வருஷம் லேத் ஓட்டியவளை அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டு என்றால் எப்படி இருக்கும்? நடந்ததைக் கேள். வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கிற கேமராவின் லென்ஸை வார்க்க, கெட்டிப்படுத்திய எஃகில் அச்சு கடைகிறோம். வைர முனை எதையும் வெட்டும் என்று நினைப்பாய், ஆனால் வைரத்துக்கும் இரும்புக்கும் ஆகவே ஆகாது, சூட்டில் உரசிக்கொண்டே இருந்தால் வைரம் இரும்பில் கரைந்து மொக்கையாகிவிடும். புது மெஷினில் முனை நொடிக்கு நாற்பதாயிரம் தடவை அதிர்கிறது. தொடும், விலகும், தொடும், விலகும். உன் அத்தையோடு நான் முப்பது வருஷமாக உறவு வைத்திருப்பதும் இந்த முறையில்தான், அதனால்தான் இன்னும் மழுங்காமல் இருக்கிறேன்.

முதல் மாதம் கடைந்ததெல்லாம் முகம் பார்க்கலாம் போல வந்தது. பிறகு காலை பதினொன்றுக்கு மேல் கடைகிற துண்டுகளில் மட்டும் அளவு பிசகியது. பிசகு என்றால் மயிரிழையை ஆயிரமாகக் கீறி அதில் ஒன்று, ஆனாலும் லென்ஸைக் கெடுக்க அது போதும். மேலாளர் பெரிய படிப்புப் படித்தவர், அவருக்கு முன்னால் அவருடைய சென்ட் வாசனை வந்து சேரும். எல்லார் எதிரிலும், வயசாச்சுல்லம்மா, கை நடுங்குது போல என்றார். இந்த மெஷினில் கைக்கு என்ன வேலை? பொத்தானை நடுங்கி அமுக்கினாலும் நடுங்காமல் அமுக்கினாலும் பொத்தான் பொத்தான்தானே! வாயை மூடிக்கொண்டு வந்து வீட்டில் அழுதேன். அப்பா ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார் என்றால் பார்த்துக்கொள்.

அப்புறம் மேலாளருக்குச் சளி பிடித்து மூன்று நாள் வரவில்லை. மூன்று நாளும் ஒரு துண்டுகூடப் பிசகவில்லை. எனக்குப் பொறி தட்டியது. அந்த அறையில் சூடு ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு ஏறினாலே மெஷின் துளி நீளும். வெப்பமானி வரைந்த கோட்டை எடுத்துப் பார்த்தால், அவர் வந்த நாளெல்லாம் பதினொன்றுக்கு ஒரு மேடு. அப்போதுதான் அவர் விருந்தாளிகளைக் கூட்டிவந்து மெஷின்மேல் சாய்ந்துகொண்டு பெருமை பேசுவார். ஒரு மனித உடம்பு நூறு வாட் பல்புக்குச் சமம், இவர் கொஞ்சம் பெரிய பல்பு.

திங்கட்கிழமை மாற்றல் காகிதத்தை நீட்டினார். நான் வாங்கவில்லை. சார், பிசகு நீங்கதான் என்றேன். முதல் துண்டு முடியுறவரைக்கும் வெளியே நில்லுங்க, அடுத்த துண்டுக்கு எப்பவும்போல வந்து சாஞ்சுக்குங்க, ரெண்டும் ஒரே மாதிரி வந்தா நானே டேப் ஒட்டப் போறேன் என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது, ஆனாலும் மனிதர் சொன்னபடி நின்றார், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முதல் துண்டு சுத்தம். சாய்ந்து நின்றபோது கடைந்தது பிசகு. அளந்த இரண்டு தாளையும் வெகுநேரம் பார்த்தார். மாற்றல் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இப்போது அவருக்குக் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இடம். நேற்று அங்கே நின்று கண்ணாடியில் பேனாவால் ஏதோ எழுதினார். என் பக்கம் எழுத்தெல்லாம் இடம்வலம் மாறித் தெரிந்தது. அப்போதுதான் கடைந்து முடித்த தட்டையான சோதனைத் துண்டு கையில் இருந்தது, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி அதை முகம் பார்க்கும் கண்ணாடிபோலத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். தப்பு என்மேலதான் அம்மா என்று அதில் தெரிந்தது. ஓர் எழுத்துகூடக் கோணவில்லையடி, கடைசல் அப்படி.

கண்ணே, உன் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் வராமல் நீ நன்றாக இருக்க வேண்டும். பல் டாக்டரிடம் போகிறேன் என்று நாலு மாதமாகச் சொல்கிறாய், இந்த வாரமாவது போ.

உன்னை நினைத்தபடி,
நடுங்காத கையால்,
அம்மா