கடைசி வரியில் நீதி

கொல்லம் ஆண்டு 1113, ஐப்பசி 9, திங்கள்

மத்தியானத்துக்கு மேல் இடி, மழை. ஆரியசாலைக் கடைத்தெரு முழுக்கச் சேறு. குடையில் ஒரு கம்பி போயிற்று.

திருத்த வேண்டியவை: மூன்றாம் பாரத்துப் பிள்ளைகளின் சரித்திர நோட்டுகள், முப்பத்தொன்று. வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்ட்ரஸ் வருகிறார். எங்கள் பள்ளிக்கூடத்து வழக்கம்: எந்தப் பாடமானாலும் கடைசியில் ‘நீதி’ என்று ஒரு வரி, சிவப்பு மையில். இன்ஸ்பெக்ட்ரஸ் பாடத்தைக் கேட்பதில்லை, நீதியைத்தான் கேட்பார்.

போன வாரம், இப்போதைய மகாராஜாவின் மூதாதையான ராஜாவை எதிர்த்த பிரபுக்கள் பாடம். ஆண்களைத் தூக்கிலிட்டு, பெண்டு பிள்ளைகளைக் கடற்கரையில் மீன்பிடிப்பவர்களிடம் கொடுத்த கதை. நீதி: ‘ராஜத் துரோகிகளின் குலம் இழிவடையும்.’ பதினெட்டு வருஷமாக இதே வரியைச் சொல்லி எழுதவைக்கிறேன்.

திரேசாவின் நோட்டில் அந்த இடம் மட்டும் காலி. வலியதுறைப் பெண். வகுப்பில் கடற்கரையிலிருந்து வருகிறவள் அவள் ஒருத்திதான்.

10, செவ்வாய்

காலையில் வெயில். வாங்க வேண்டியவை: சிவப்பு மை, உளுந்து, தலைவலித் தைலம்.

வகுப்புக்குள் நுழையும்போது காதில் விழுந்தது: “ஏட்டி தண்டனை, அங்கிட்டுத் தள்ளி இரி.” உடனே சிரிப்பு. திரேசா பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தாள். போன வாரத்திலிருந்து அவளுக்கு அதுதான் பெயராம். மீன்பிடிப்பவர்களிடம் கொடுத்ததுதான் தண்டனை என்று நான் பாடம் நடத்திய நாளிலிருந்து.

இடைவேளையில் கூப்பிட்டுக் கேட்டேன், நீதி ஏன் எழுதவில்லை என்று.

“அவுங்களைக் கொண்டு விட்டது எங்க கரையிலதானே டீச்சர்? சோறு போட்டது எங்க ஆளுகதானே? பொறவு இழிவு எங்கன வந்துது?”

பி.ஏ.யில் சரித்திரம் படித்தவள். ‘இழிவு’ என்று எழுதவைத்தபோதெல்லாம் அது யாருடைய வீடு என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

“எல்லாரும் எழுதினதைப் பார்த்து எழுதிக்கோ” என்றேன்.

12, வியாழன்

நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லை.

இன்று மலையாளக்கார ஹெட்மிஸ்ட்ரஸிடம் போனேன். அந்த வரியை மாற்றலாமா என்று கேட்டேன். இரக்கம் என்றோ, அடைக்கலம் என்றோ வைக்கலாமே.

“நீதி மாற்றுகயோ? இது மகாராஜாவின் குடும்பக் காரியம், கேட்டோ. உங்க உத்தியோகம் மட்டும் அல்ல, என்னோடதும் போகும்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்தக் குட்டியை நாளைக்கு லீவு எடுக்கச் சொல்லுங்கோ. ஒரு நாள் மட்டும் அல்லே.”

சரி என்று தலையாட்டினேன்.

ஆனால் திரேசாவிடம் லீவு எடுக்கச் சொல்ல மனம் வரவில்லை. “நாளைக்கு உன்னைக் கேட்டால் அந்த வரியைச் சொல்லிவிடு” என்று மட்டும் சொன்னேன். அதுவே கருணை என்று அப்போது தோன்றியது.

“சொன்னா அவளுக என்னைத் தண்டனைன்னு கூப்பிட மாட்டாளுகளா டீச்சர்?”

“நீ சொல்லு.”

ராத்திரி தோசை ஒன்று. ருசி தெரியவில்லை.

13, வெள்ளி

தூறல். இன்ஸ். பத்தரைக்கு வந்தார். சாம்பல் நிறப் பட்டு, பெரிய மூக்குக்கண்ணாடி. வந்ததும் நீதி. யாரிடம் கேட்பது என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய், பெஞ்சின் ஓரத்தில் விரலை நீட்டினார்.

திரேசா எழுந்தாள். ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். ‘இழிவடையும்’ என்பதைக் கொஞ்சம் உரக்க. பார்வை முழுக்க என்மேல்.

“பேஷ். நல்ல உச்சரிப்பு. எந்த ஊர் குழந்தை?”

“வலியதுறை, மேடம்.”

பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்ஸ். அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார். ஹெ.மி. பின்னாலேயே. வாசலில் திரும்பி என்னைப் பார்த்துப் புன்னகை.

நான் அடுத்த பாடத்தைத் தொடங்கினேன். தேதிகளைக் கரும்பலகையில் எழுதினேன். வகுப்பு எழுதிக்கொண்டது. மணி அடித்துத் திரும்பியபோதுதான் கவனித்தேன். அவளை உட்காரச் சொல்லவில்லை. அதுவரை நின்றுகொண்டே இருந்திருக்கிறாள்.