பிஸ்தா நிறத்தில் ஒரு கல்யாணம்

5 ஜனவரி 2025, ஞாயிறு

இன்று கூடத்தில் இருந்தவர்கள்: மகன் சர்தார், மருமகள் அமீனா பீ, பேத்தி ரூஹி, அவளைக் கட்டப்போகும் காஷிஃப், அவன் அம்மா. அந்த அம்மாதான் வாயைத் திறந்தாள். நிக்காஹ் உடை எடுப்பது மாப்பிள்ளை வீட்டு வழக்கம், அதனால் ஜுவேரியாவிடம் கொடுத்தாயிற்றாம்.

ஜுவேரியா! பாண்டி பஜாரில் என் கடையில் உட்கார்ந்து ஜரிகை வேலை கற்றவள். போகும்போது என் வாடிக்கைக்காரிகளையும் கூட்டிக்கொண்டு போனவள். தி.நகரில் பாதி மணப்பெண்களுக்கு உடை வடிவமைத்தவள் நான். என் பேத்திக்கு அவளா?

ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

7 ஜனவரி

ரூஹி போனில் நிறம் காட்டினாள். பிஸ்தா. அதில் வெள்ளை நூல் வேலை.

"கல்யாணப் பொண்ணா, ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தவளா?"

"தாதிமா, இப்ப இதான் ஓடுது. செவப்புல தங்கத்தைக் கொட்டுனா டிராமா டிரஸ்ஸுன்னு சிரிப்பாங்க."

அந்தச் சிவப்புக்காகத்தான் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திய என் பெயரை இங்கிலீஷ் பத்திரிகை போட்டது. ரசனை மாறட்டும். உடுத்தியவளே கண்ணில் படாமல் போவதும் ரசனையா?

10 ஜனவரி

ரூஹிக்கென்று தொடங்கிய சிவப்பு லெஹங்காவை முடித்துவிட்டேன். உடுத்துவாளா?

18 ஜனவரி, சனி

நாளை நிக்காஹ். காலையில் பிஸ்தா வந்தது. மேல்சட்டை தோளில் ஏறவில்லை. ரூஹி அழுகிறாள்.

எப்படி ஏறும்? புதிதாக அளவெடுத்தால் எனக்குத் தெரிந்துவிடுமென்று, போன மாதமே அமீனா பீ ரூஹியின் காலேஜ் காலத்துக் குர்தாவை அளவுக்கு அனுப்பியிருக்கிறாள்.

"உங்ககிட்ட சொல்ல பயம் மாமி."

பயமாம்!

ஜுவேரியா ஹைதராபாத்தில், ஏதோ ஷோவாம். சர்தார் சட்டையை என்னிடம் நீட்டினான். "இன்னாம்மா பாத்துக்கினே கீற? நம்ம கொழந்தம்மா."

கத்தரி என் கையில். ஒரு வெட்டு — நாளைக்குச் சிவப்புதான்.

உள்பக்கம் திருப்பினேன். தையலுக்குள் தாராளமாகத் துணி விட்டிருந்தாள், நான் விரலில் தட்டிச் சொல்லிக்கொடுத்தபடி. வேலையும் சுத்தம்.

பிரித்தேன். தைத்தேன்.

19 ஜனவரி

பிஸ்தா அவளுக்கு எடுப்பாகத்தான் இருந்தது. எழுதிவிட்டேன், போகட்டும்.

வீடியோக்காரன் கேட்டான், "டிசைனர் யாருங்க?"

"ஜுவேரியா!" என்றாள் ரூஹி. பக்கத்தில் என்னைப் பார்த்ததும், "ஆங்… சின்ன ஆல்டரேஷன் மட்டும் எங்க தாதிமா."

20 ஜனவரி

அந்த 'சின்ன ஆல்டரேஷன்' வீடியோவை ஊரே பார்க்கிறதாம். சம்பந்தி அவர்கள் வழக்கப்படி செய்தாள். அமீனா பீ பயந்தவள். ஜுவேரியா போன் செய்து நன்றி சொன்னாள் — அவளைக்கூட விட்டுவிட்டேன்.

செத்தாலும் மன்னிக்க மாட்டேன், ரூஹியை.