இருநூற்று நாற்பது பச்சை வட்டங்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தம்பி மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன், அப்படி இல்லை என்றால் பொய்யாவது சொல்லிவிடு, எனக்கு நிம்மதியாக இருக்கும். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியே என் வாயை அடைத்துவிடுவாய். கடிதத்தில் உன் பருப்பு வேகாது, கடைசி வரி வரைக்கும் படித்துத்தான் தீரவேண்டும். இன்னும் பன்னிரண்டு நாளில் உனக்கு அங்கே அந்தச் செடி ஆராய்ச்சி மாநாடு வருகிறதே, அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று விரைவுத் தபாலில் போடுகிறேன்.

அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார் என்று இவர் படுக்கையிலிருந்து சமையலறை வரை வந்து டீயை வாங்கிக்கொண்டு திரும்பிப் போய், இன்றைக்கு நடந்தாகிவிட்டது என்கிறார். உன் தம்பி கார் ஓட்டும் பரீட்சையில் மூன்றாவது தடவையாகக் கோட்டை விட்டான். இந்தத் தடவை கம்பத்தை இடிக்கவில்லை, பரீட்சை வைக்க வந்தவருடைய குடைமேல் வண்டியை ஏற்றிவிட்டான். கேட்டால் "குடையை யாரும்மா தரையில வெப்பாங்க" என்கிறான். அவனைத் திட்டித் திட்டி எனக்குத் தொண்டை போனதுதான் மிச்சம். நீ அனுப்பிய கம்பளிச் சால்வையை அப்பா விடுவதே இல்லை, எனக்கென்று நீ அனுப்பியது என்று சொல்லிப் பார்த்துவிட்டேன், காதிலேயே வாங்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் போன வாரம் மூன்று நாள் செடி ஆராய்ச்சிக்காரர்களின் மாநாடு நடந்தது. என் விதை அறையைப் பூட்டிவிட்டு என்னை வாசலில் வருகைப் பதிவு மேசையில் உட்கார வைத்தார்கள். ஏற்பாடெல்லாம் நம் செயலாளர்தான், எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பாரே, நாங்கள் ஓட்டக்காரர் என்று சொல்லுவோமே, அவரே. முந்தின நாள் மத்தியானம் ஒரு பெட்டி நிறைய பெயர் அட்டைகளையும் பச்சை, மஞ்சள் என்று இரண்டு நிற வட்ட ஸ்டிக்கர்களையும் என் மேசையில் வைத்துவிட்டு, "லிஸ்ட் உள்ளயே இருக்கு, பார்த்து ஒட்டிடுங்கக்கா" என்று படியில் இறங்கிக்கொண்டே சொன்னார். லிஸ்ட் பெட்டியின் அடியில் இருந்திருக்கிறது. நான் தேடவே இல்லை. வட்டம் ஒட்டுகிறவளுக்கு வட்டம் ஒட்டச் சொல்லித் தருகிறாரா என்ற திமிர்தான், வேறென்ன. பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னோடு எண்ணியவள் நீ, உனக்குத் தெரியாததா? ஈரத் தாளில் நூறு விதையை அடுக்கி, ஏழாம் நாள் எத்தனை முளைத்திருக்கிறது என்று பார்த்து, நன்றாக முளைத்தால் அந்தப் பொட்டலத்துக்குப் பச்சை, சந்தேகமென்றால் மஞ்சள், தேறாது என்றால் சிவப்பு. இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. அத்தனை படித்தவர்கள் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள், அவர்களில் யாரைச் சந்தேகப்பட்டு நான் மஞ்சள் ஒட்டுவது? இருநூற்று நாற்பது அட்டைக்கும் பச்சையே ஒட்டினேன், ஒன்றுகூடக் கோணாமல். எனக்கும் "உதவி" என்று போட்டு ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள், நானும் தேறுவேன் என்று அதிலும் ஒன்று ஒட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் நீலப் பை மாட்டிய ஒரு பெண் வந்து அட்டையை வாங்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து மேசையருகே தயங்கித் தயங்கி நின்றாள். உன்னைவிட இரண்டு வயது சின்னவளாக இருப்பாள். வட்டம் இல்லாமல் வேறு அட்டை கிடைக்குமா என்று கேட்டாள். ஏம்மா, நல்லாத்தானே இருக்கு என்றேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வேலை தேடறவங்களுக்குத்தாம்மா பச்சை, வேலை குடுக்கிறவங்களுக்கு மஞ்சள். ஃபார்ம்ல பச்சைன்னு நாந்தான் எழுதிக் குடுத்தேன், ஆனா இங்க வந்து பார்த்தா, வேலை இல்லாதவன்னு நெத்தியில எழுதி ஒட்டின மாதிரி இருக்கு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருநூற்று நாற்பது பேரையும் வேலை தேடுகிறவர்களாக ஆக்கிவிட்டேனே என்று பயந்தது அப்புறம்தான். முதலில் நினைவுக்கு வந்தது உன் குரல். போன மாநாட்டிலிருந்து நீ போன் பண்ணினாயே, "பச்சை வட்டம் ஒட்டினாங்கம்மா, நான் பிய்ச்சுப் போட்டுட்டு விருந்துக்குப் போகாம ரூமுக்கு வந்துட்டேன்" என்று. நான் என்ன சொன்னேன்? பச்சைன்னா நல்லதுதானடி, அதைப் போய் ஏன் பிய்ச்சே, நாலு பேரோட பழகக் கத்துக்கோ என்று உன்னைத்தான் கடிந்துகொண்டேன். நீ, சரிம்மா வெச்சிடறேன் என்று வைத்துவிட்டாய். அன்றைக்கு நீ எதைச் சொன்னாய் என்று எனக்கு ஏழு மாதம் கழித்து, யாரோ பெற்ற பெண் சொல்லித்தான் புரிந்தது. என்னை மன்னித்துவிடு கண்ணு. அந்தப் பெண்ணை நான் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்.

அவளிடம் நடந்ததைச் சொல்லி, நிமிர்ந்து சுத்திப் பாரும்மா, எல்லாருக்கும் பச்சைதான் என்றேன். அவள் பார்த்தாள். எங்கள் இயக்குநர் நெஞ்சில் பச்சை வட்டத்தோடு பெரிய மனிதத் தோரணையில் கைகுலுக்கிக்கொண்டு நின்றார். அதைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. டீ இடைவேளைக்குள் கூடம் முழுக்கக் குசுகுசு. வெளியூர்க்காரர் ஒருவர் இயக்குநரிடம் போய் ரொம்ப அக்கறையாக, "ஏன் சார், இங்க சரிப்பட்டு வரலையா?" என்று விசாரிக்க, சாப்பாட்டு நேரத்துக்குள் அவர் வேலையை விடுகிறார் என்றே செய்தி பரவிவிட்டது. ஓட்டக்காரர் வியர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார், "அக்கா, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க!" என்று. விதைப் பொட்டலத்துக்கு ஒட்டுகிற மாதிரி ஒட்டிவிட்டேன் தம்பி என்றேன். அந்த மனிதர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை, அன்றைக்கு என் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார், அப்புறம் தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர் பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருக்கவேண்டும்.

மைக்கில் சொல்லி எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லிவிடலாம் என்று அவர் எழுந்தபோதுதான் பாசி அம்மா வந்தார். நாற்பது வருஷமாகச் சுவரிலும் பாறையிலும் வளர்கிற பாசியையே ஆராய்கிற பேராசிரியை, அதனால் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். "கழட்டச் சொல்லாதீங்க. எனக்கும் பச்சைன்னு பார்த்துட்டு காலையிலேர்ந்து ஏழு பசங்க எங்கிட்ட வந்து தைரியமா பேசியிருக்காங்க, போன வருஷம் மூணு நாள்ல ஒருத்தர்கூட வரல" என்றார். அப்படியே விட்டுவிட்டார்கள். என் நீலப் பைப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? மூலையில் தனியாக டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, நீங்களும் தேடறீங்களா சார் என்று கேட்டிருக்கிறாள். அவர் "ஆமாம்மா, நாத்தங்கால் வேலைக்கு ஒரு நல்ல ஆளைத் தேடிக்கிட்டிருக்கேன்" என்றாராம். அடுத்த மாதம் அவளை நேரில் வரச் சொல்லியிருக்கிறார். கடைசி நாள் என் மேசைக்கு வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

இனிமேல்தான் முக்கியமானது. இரண்டாம் நாள் சாயங்காலம் விருந்து. பரிமாறவாக்கும் என்று நினைத்தேன், "இல்லக்கா, நீங்க விருந்தாளி" என்று ஓட்டக்காரர் உள்ளே தள்ளிவிட்டார். உள்ளே போன பிறகுதான் உன் கஷ்டம் முழுசாகப் புரிந்தது. எல்லாரும் கூட்டம் கூட்டமாக முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள், எந்த முதுகைத் தட்டுவது? கையில் தண்ணீர் கிளாஸ், அதை வைக்க இடமில்லை, கையை என்ன செய்வது என்றும் தெரியவில்லை. வாயாடி என்று பெயர் எடுத்த எனக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. கடைசியில் மூலையில் ஒரு தொட்டிச் செடி இருந்தது, அதனிடம் போய் நின்றேன். நிஜமா பிளாஸ்டிக்கா என்று இலையைக் கிள்ளிப் பார்த்தேன், நீ சின்ன வயதில் போகிற வீட்டிலெல்லாம் கிள்ளி என் மானத்தை வாங்குவாயே, அந்த மாதிரி. அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு கை வந்து கிள்ளியது. பாசி அம்மா! "நெசந்தான், ஆனா பாவம், யாரும் தண்ணி ஊத்தல" என்றார். இரண்டு பேரும் எங்கள் கிளாஸ் தண்ணீரை அதற்கு ஊற்றினோம். கூட்டம் என்றால் இந்த வயதிலும் அவருக்குப் பயமாம், எந்த விருந்துக்குப் போனாலும் முதலில் செடி எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பாராம். காய்ந்து சருகாகிப் போன பாசி தண்ணீர் பட்டதும் எப்படிப் பச்சை பிடிக்கிறது என்று சொன்னார், எனக்கு உன் ஆராய்ச்சியையே கேட்கிற மாதிரி இருந்தது. அவருடைய ஆய்வுக்கூடத்தில் இரண்டு இடம் காலியாம், முறைப்படி அவருக்கு மஞ்சள்தானாம். அப்புறம் என் அட்டையைப் பார்த்து, "நீங்க எதைத் தேடறீங்க?" என்று கேட்டாரே பார்க்கலாம். உனக்கு வேலை ஒப்பந்தம் முடிய இன்னும் ஒன்பது வாரம், அதற்குமேல் அந்த ஊரில் இருக்க முடியாது, இந்தப் படிப்பையே விட்டுவிடப் போகிறேன் என்று நீ எழுதியது, எல்லாம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. எனக்காக யாரிடமும் கேட்கக்கூடாது என்று நீ வாங்கிய சத்தியமும் கூடவே வந்து நின்றது. நாக்கைக் கடித்துக்கொண்டு, சும்மா ஒட்டினதுங்க என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை, எனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்றுகூடச் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு நேரம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை, அப்பாவே நம்பவில்லை. ஆனால் அடுத்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். உன் மாநாட்டின் பெயரைச் சொன்னார். அங்கேயும் பச்சைதான் ஒட்டிக்கொள்ளப் போகிறாராம். அங்கேயும் செடிப் பக்கந்தான் நிப்பீங்களா என்றேன், "வேற எங்க நிப்பேன்" என்றார். இது மட்டுந்தான் நான் செய்த திருட்டுத்தனம்.

ஆகையால் என் தங்கமே, நாலு பேரோடு பழகு என்று இனிமேல் நான் உனக்குச் சொல்லமாட்டேன், நாலு பேர் வேண்டாம். விருந்துக்குப் போ, கூடத்தில் செடி எங்கே இருக்கிறது என்று பார், அங்கே போய் நில். நரைத்த தலை, பிடி அறுந்துபோய் முடிச்சுப் போட்ட துணிப்பை, சட்டையில் பச்சை வட்டம், அவர்தான். செடி நிஜமா என்று கேட்டால் போதும், மீதிப் பேச்சு உனக்குத் தானாக வரும், அந்த விஷயத்தில் உன் வாய் என் வாய்தான். நான் சொன்னேன் என்று சொல்லாதே. அவரிடம் வேலை கேட்கிறாயா இல்லையா என்பது உன் இஷ்டம், கேட்காமல் திரும்பினாலும் இந்த வீட்டில் உனக்கு இடம் இருக்கிறது, அதற்காகக் கவலைப்பட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. அன்றைக்கு அழுகையை அடக்கிக்கொண்டாவது என்னிடம் போன் பண்ணிச் சொன்னாயே, அதற்கு நான் உனக்கு நன்றி சொல்லவே இல்லை, இப்போது சொல்லுகிறேன். நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, மனசு குளிர்ந்து நூறு வயது இருக்கவேண்டும். அப்பாவும் இதையே சொல்லச் சொன்னார், தம்பி அந்தக் குடையைப் பற்றி எழுதக்கூடாது என்றான். கையில் ஜூஸ் எடுத்துக்கொண்டு போகாதே, தண்ணீராகவே எடுத்துக்கொண்டு போ, அந்தச் செடிக்கும் யாரும் ஊற்றியிருக்கமாட்டார்கள்.

கீழே ஒட்டியிருப்பது மிஞ்சியதில் ஒன்று, அன்றைக்கு உன் சட்டையில் ஒட்டிக்கொள். அந்த மாநாட்டில் அதற்கு என்ன அர்த்தமோ இருந்துவிட்டுப் போகட்டும். இதை ஒட்டித் தருகிறவள் விதை அறைக்காரி, முளைக்கும் என்று தெரியாமல் நான் யாருக்கும் பச்சை ஒட்டமாட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்