குறும்பொறைக் கோட்டை வென்ற செய்தியும் தமையனார்க்கு விடுத்த ஆணையும்

நலம் பெருகுக. கருங்கல் மதிலுடைய குறும்பொறை நாட்டை ஆளும் அரசி ஆதன் கொற்றி, முல்லையாற்றின் இரு கரையும் காக்கும் எம் தமையனார், மன்னர் ஆதன் எழினி அவர்களுக்கு விடுக்கும் ஓலை. தங்கள் ஏரிகள் நிறைக. தங்கள் வாயிற்கதவுகள் பகைக்கு அடைத்தும் விருந்துக்குத் திறந்தும் விளங்குக.

வென்றோம், அண்ணா! முற்றுகையிட்ட விடங்கன் தன் வெண்குடையை எம் வாயிலில் வைத்து வணங்கிச் சென்றான்.

எம் நெஞ்சுவலியைக் கேள்வியுற்றுக் கலங்கி, கோட்டையை ஒப்புவித்துப் பிறந்தகம் வருமாறு தாங்கள் எழுதியிருந்தீர்கள். அந்த அன்பை வணங்குகிறோம். அறிவுரையை ஏற்காத காரணத்தைக் கேட்டருள்க.

முற்றுகை தொடங்கியது முதல் உறக்கம் எம்மை விட்டகன்றது. சிறு ஓசைக்கும் நெஞ்சு பறையாய் அதிர்ந்தது. ஒருநாள் அவையிலேயே மார்பைப் பிடித்துச் சாய்ந்தோம். அரண்மனை மருத்துவி சாத்தன் நங்கை நாடி பார்த்து, மருந்தை விடாது உண்பதோடு, காலைதோறும் கண்மூடி அமர்ந்து மூச்சின் போக்கையே நோக்கியிருக்க வேண்டும் என்றாள். பகைவன் வாயிலில் நிற்கையில் அரசி கண்மூடி அமர்வதோ என்று சினந்தோம். கோட்டையைக் காக்க ஆயிரம் கைகள் உள்ளன, தங்கள் நெஞ்சைக் காக்கத் தாங்கள் ஒருவரே உள்ளீர்கள் என்று அவள் அஞ்சாது விடையிறுத்தாள்.

அமர்ந்தோம். மெய் சொல்வதாயின், அது போரினும் கொடிதாயிருந்தது. கண்ணை மூடினால் எரியும் ஊர்களே தெரிந்தன. எழுந்து போனோம், மறுநாளும் அவள் பாய் விரித்தாள். மெல்ல மெல்ல மனம் படிந்தது, உறக்கம் திரும்பியது, நாடி சீர்ப்பட்டதென அவள் முகம் மலர்ந்தது.

அப்போதுதான் ஒரு மாலையில் விடங்கன், தன்னிடம் சிறைப்பட்ட எம் படைத்தலைவன் மாறன் பொதுவனைக் கட்டி இழுத்துவந்து மதிலின்முன் நிறுத்தி, மறைந்த எம் கணவரை இழித்துரைத்தான். கதவைத் திறந்து பாய்வோம் என எம் மறவர் ஆர்த்தனர். எம் நெஞ்சும் அவ்வாறே ஆர்த்தது. பழைய வலி இடத்தோளில் ஏறியது. மதில்மேல் எல்லோரும் காண அமர்ந்து கண்மூடினோம். அரசி அஞ்சினாள் என்று பகைவர் நகைத்தது செவியில் விழுந்தது. விழுந்து கடந்து போயிற்று.

கண் திறந்தபோது, சினத்தில் காணாத ஒன்றைக் கண்டோம். கூடடைய வந்த கொக்குகள் கீழைத்தோப்பில் இறங்காமல் வட்டமிட்டன. தோப்புக்குள் விடங்கனின் படை பதுங்கியிருந்தது! கதவைத் திறந்திருப்பின் கோட்டை அன்றே வீழ்ந்திருக்கும்.

கோட்டையின் பின்புறத்து மலைவாயில் வழியே குதிரைப்படையை ஏவினோம். எம்மவர் பதுங்கியோரின் முதுகில் இடியென இறங்க, விடங்கனின் பாசறை சிதறியது. கட்டவிழ்ந்து வந்த பொதுவன், மதில்மேல் அரசி கண்மூடி அமர்ந்ததைக் கண்டபோதே, சினத்தில் கதவு திறவாது, யான் பிழைத்தேன் என அறிந்தேன் என்று சொல்லி அழுதான். நகரெங்கும் முரசு முழங்குகிறது.

இனி ஆணை. தங்களுக்கும் படியேறுகையில் மார்பு இறுகுவதாகத் தூதன் வாய்தவறிச் சொன்னான், தாங்கள் மறைத்தீர்கள். ஆகவே சாத்தன் நங்கையை இவ்வோலையுடன் அனுப்புகிறோம். அவள் தரும் மருந்தை உண்க. அவள் விரிக்கும் பாயில் அமர்க. மறுப்பீராயின், வென்ற படையுடன் யாமே வந்து அமர்த்துவோம். நாட்டைக் காத்துவிட்டோம், அண்ணனை இழக்க ஒருப்படோம்.

இது அரசி கொற்றி தன் கையால் எழுதி, மான்குளம்பு இலச்சினை பொறித்தது. ஓலை பெற்றவர் அன்றே நிறைவேற்றுக.